சுரங்கத்தில் வண்டி தள்ளியவர் ஜனாதிபதி ஆனார்
ஹெர்பர்ட் ஹூவர் வாழ்க்கை

அந்தமானில் வாழும் தமிழர்களுக்கு பர்மா தூரத்து நாடு அல்ல. தீவுகளுக்கு வடக்கே கடலைத் தாண்டினால் கோகோ தீவுகள். அதற்கு அப்பால் பர்மாக் கரை. பர்மாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அந்த பர்மாவின் வடக்கே ஷான் மலைகளில் பாட்வின் என்று ஒரு சுரங்கம் இருக்கிறது. ஈயம், வெள்ளி, துத்தநாகம், செம்பு நான்கும் கந்தகத்தோடு பின்னிப் பிணைந்து கிடந்த இடம் அது. 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்த மாகாணமாக இருந்தது. அதனால் பாட்வின் அந்நாளில் இந்தியச் சுரங்கம் என்றே கணக்கில் எழுதப்பட்டது.

பாழடைந்து கிடந்த அந்தச் சுரங்கத்தை உலகின் பெரிய சுரங்கங்களில் ஒன்றாக ஆக்கியவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனார். அவர்தான் ஹெர்பர்ட் ஹூவர்.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது. அதில் ஏற்றமும் உண்டு, பெரிய இறக்கமும் உண்டு.

கொல்லன் மகன்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் 1874 ஆகஸ்டு 10-ந் தேதி ஹூவர் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி, இரும்படிக்கும் கொல்லர். தாய் ஹல்டா. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஆடம்பரம் கூடாது, பொய் கூடாது, சண்டை கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு.

ஹூவருக்கு 6 வயது ஆனபோது தந்தை இறந்தார். தாய் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1884-ல் காய்ச்சல் கண்டு அவரும் இறந்தார். அப்போது ஹூவருக்கு 9 வயது.

அண்ணன் ஒரு வீட்டுக்கும், தங்கை ஒரு வீட்டுக்கும், இவர் ஒரு வீட்டுக்குமாகப் பிரிந்தார்கள். 1885-ல், 11 வயதில், ஆரிகன் மாநிலத்தில் இருந்த தாய் மாமன் வீட்டுக்கு ஹூவர் ரெயிலில் அனுப்பப்பட்டார். ஏறத்தாழ அமெரிக்காவின் குறுக்கே பாதி தூரப் பயணம். கையில் கொஞ்சம் சில்லறையும் ஒரு சாப்பாட்டுக் கூடையும்தான் இருந்தன.

மாமா டாக்டர் மின்தார்ன் கண்டிப்பானவர். சொந்த மகனை இழந்திருந்தவர். பையன் மாடு கறந்தான், விறகு பிளந்தான், குதிரைகளுக்குத் தீனி வைத்தான். கோடையில் வெங்காயத் தோட்டத்தில் களை எடுத்துக் கூலி வாங்கினான்.

குமாஸ்தா வேலை

1888-ல் மாமா சேலம் நகரத்துக்குக் குடிபோனார். நம் சேலம் அல்ல, ஆரிகனின் தலைநகரம். அங்கே நிலம் விற்கும் கம்பெனி ஒன்றை அவர் நடத்தினார். ஹூவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தக் கம்பெனியில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தார்.

பகலில் ஆபீஸ் வேலை. இரவில் இரவுப் பள்ளிக்கூடம். கணக்கு எழுதவும், டைப் அடிக்கவும் கற்றார். எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும் என்ற நிலை வந்தது. ஆபீஸுக்கு வந்த ஒரு எஞ்சினீயர், எஞ்சினீயரிங் படிப்பைப் பற்றிச் சொன்னார். அந்தப் பேச்சு மனதில் பதிந்தது.

1891-ல் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் புதிதாகத் திறக்கப்பட்டது. படிப்புக் கட்டணம் கிடையாது. ஹூவர் நுழைவுத் தேர்வு எழுதினார். கணக்கில் கெட்டிக்காரர், ஆங்கிலத்தில் தடுமாறினார். ஆனாலும் முதல் வருட மாணவர்களில் ஒருவராக இடம் கிடைத்தது.

சாப்பாட்டுக்கும் துணிக்கும் அவரே சம்பாதித்தார். மாணவர்களின் துணிகளைச் சலவைக்கு வாங்கிக் கொடுத்தார். பத்திரிகை போட்டார். பேராசிரியர் பிரான்னரிடம் பூமி சாஸ்திரம் படித்தார். விடுமுறைகளில் மலைகளை அளந்து வரைபடம் போடும் வேலைக்குப் போனார். 1895-ல் பட்டம் பெற்றார்.

அங்கே பூமி சாஸ்திரம் படித்த மாணவி ஒருவர், லூ ஹென்றி. பாறைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய பழக்கம் பின்னர் திருமணத்தில் முடிந்தது.

பட்டதாரி வண்டி தள்ளினார்

பட்டம் வாங்கிய வருடம் நல்ல வருடம் அல்ல. 1893-ல் அமெரிக்காவில் பாங்குகள் முறிந்து வியாபாரம் படுத்திருந்தது. பட்டதாரிக்கு வேலை இல்லை.

ஹூவர் நெவாடா சிட்டி என்ற ஊருக்குப் போய் தங்கச் சுரங்கத்தில் கூலியாகச் சேர்ந்தார். தரைக்கு அடியில் மண்வெட்டியால் கல்லை அள்ளி, வண்டியில் போட்டுத் தள்ள வேண்டும். பத்து மணி நேர ஷிப்டு. நாளுக்கு 2 டாலர் கூலி. சில மாதங்களில் அந்த வேலையும் போனது. சுரங்கம் சுரங்கமாக அலைந்தார். வேலை கேட்டு இல்லை என்ற பதிலைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்பதை அவர் அனுபவித்தே தெரிந்துகொண்டார்.

பிறகு சான் பிரான்சிஸ்கோவில் லூயி ஜானின் என்ற பெரிய சுரங்க எஞ்சினீயரிடம் போனார். எஞ்சினீயர் வேலை காலி இல்லை, டைப்பிஸ்ட் வேலைதான் இருந்தது. ஹூவர் அதையே ஏற்றுக்கொண்டார். ஆபீஸ் பையனாக இருந்தபோது கற்ற டைப் இப்போது சோறு போட்டது. டைப் அடிக்க வந்த கடிதங்களில் சுரங்க விவகாரங்கள் இருந்தன. அவற்றில் அவருக்கு இருந்த அறிவைக் கண்ட ஜானின், விரைவிலேயே அவரை வெளி வேலைகளுக்கு அனுப்பினார்.

1897-ல் லண்டனில் இருந்த பெவிக் மோரிங் என்ற சுரங்கக் கம்பெனிக்கு ஒரு எஞ்சினீயர் தேவைப்பட்டார். அனுபவசாலி வேண்டும், வயது 35-ஐத் தொட்டிருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஹூவருக்கு 22 வயதுதான். மீசையும் தாடியும் வளர்த்துக்கொண்டு போனார். வேலை கிடைத்தது.

ஆஸ்திரேலியாவும் சீனாவும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத் தங்க வயல்களில் அவருக்கு வேலை. வெயில், புழுதி, தண்ணீர்ப் பஞ்சம், ஒட்டகப் பயணம். லியோனோரா என்ற இடத்தில் இருந்த சன்ஸ் ஆப் குவாலியா சுரங்கத்தை வாங்கச் சொல்லி சிபாரிசு செய்தார். 1898-ல் அதன் மானேஜர் ஆனார். அந்தச் சுரங்கம் பிறகு பல பத்து வருடங்கள் தங்கம் தந்தது.

மானேஜராக ஹூவர் இரக்கமற்றவர் என்று பெயர் எடுத்தார். செலவைக் குறைக்க வேலை நேரத்தைக் கூட்டினார். உள்ளூர்த் தொழிலாளர் சங்கம் எதிர்த்தபோது இத்தாலியிலிருந்து வந்த ஆட்களை வேலைக்கு வைத்தார். கூலியாக வண்டி தள்ளியவர், கூலிக்காரர்களிடம் கண்டிப்பாக நடந்துகொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1899 பிப்ரவரி 10-ந் தேதி ஹூவருக்கும் லூவுக்கும் கலிபோர்னியாவில் திருமணம் நடந்தது. மறுநாளே இருவரும் சீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1900-ல் பாக்ஸர் கலகம் வெடித்தபோது தியென்சின் நகரத்தில் முற்றுகைக்குள் சிக்கினார்கள். குண்டு மழைக்கு நடுவே லூ ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைக் கவனித்தார். ஹூவர் தடுப்புச் சுவர் எழுப்பும் வேலையை நடத்தினார்.

அதே சமயத்தில் சீனாவின் கைப்பிங் நிலக்கரிச் சுரங்கங்கள் வெளிநாட்டார் கைக்கு மாறின. அந்த ஒப்பந்தத்தில் ஹூவருக்குப் பங்கு இருந்தது. ஏமாற்றி விட்டார்கள் என்று சீனத் தரப்பு லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1905-ல் தீர்ப்பு சீனத் தரப்புக்குச் சாதகமாக வந்தது. ஹூவரின் எதிரிகள் இதைப் பிற்காலத் தேர்தல்களிலும் கிளறினார்கள்.

1901-ல் அவர் பெவிக் மோரிங் கம்பெனியில் பங்குதாரர் ஆனார். அடுத்த வருடமே ஒரு இடி விழுந்தது. கூட்டாளிகளில் ஒருவர் பெரும் தொகையை மோசடி செய்துவிட்டு ஓடிவிட்டார். அந்தக் கடனைத் தீர்க்கச் சட்டப்படி தங்களுக்குப் பொறுப்பு இல்லாத இடத்திலும், ஹூவரும் மற்றவர்களும் தங்கள் கைப் பணத்தைக் கொடுத்து ஈடு செய்தார்கள். அதை அடைக்கச் சில வருடங்கள் பிடித்தன. லண்டன் சந்தையில் ஹூவர் பேச்சுக்கு மதிப்புக் கூடியது.

குப்பை மேட்டில் செல்வம்

இதற்குப் பிறகுதான் அவர் கலவைத் தாதுக்களின் பக்கம் திரும்பினார்.

தங்கம் பாறையில் தங்கமாகவே கிடக்கும். செம்பு, ஈயம், துத்தநாகம் அப்படி அல்ல. பெரும்பாலும் இவை கந்தகத்தோடு சேர்ந்த கல்லாகக் கிடைக்கும். ஈயக் கல், துத்தநாகக் கல், செம்புக் கல், இரும்புக் கந்தகக் கல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தால் அதுதான் கலவைத் தாது.

பூமிக்கு அடியில் எரிமலைச் சூட்டில் கொதிக்கும் நீர், உலோகங்களைக் கரைத்து எடுத்து வந்து, பாறை இடுக்குகளில் படிய வைப்பதால் இத்தகைய தாதுக்கள் பல உண்டாகின்றன. பேரன் தீவில் எரிமலை புகைகிற நம் அந்தமான் கடலின் அடித்தளத்திலும் இப்படிப்பட்ட சுடுநீர் ஊற்றின் அடையாளங்களை கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1990-களில் கண்டறிந்தார்கள்.

கலவைத் தாதுவை அப்படியே உலையில் போட முடியாது. ஈயம் உருக்கும் உலையில் துத்தநாகம் அதிகம் சேர்ந்தால் கசடு இறுகிப்போகும், உலை அடைத்துக்கொள்ளும். துத்தநாகம் ஆவியாகப் புகைபோக்கியில் போய்விடும். ஆகவே முதலில் பிரிக்க வேண்டும்.

பழைய முறை, அரிசி களைவது போன்றது. தாதுவைப் பொடியாக்கித் தண்ணீரில் ஆட்டினால் கனமான ஈயம் அடியில் தங்கும். லேசான கல் தண்ணீரோடு போகும். ஆனால் அரிசியும் கல்லும் ஒரே கனமாக இருந்தால் எப்படிக் களைவது? ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தில் இந்தச் சங்கடம்தான் வந்தது. அங்கே துத்தநாகக் கல்லும், அதோடு இருந்த வெறும் கல்லும் ஏறக்குறைய ஒரே கனம். ஈயத்தையும் வெள்ளியையும் எடுத்துவிட்டு, துத்தநாகத்தைக் குப்பையாகக் கொட்டினார்கள். பல லட்சம் டன் குப்பை மலையாகக் குவிந்தது.

அந்தக் குப்பையை வாங்கித் துத்தநாகம் எடுப்பதற்காகவே 1905-ல் ஜிங்க் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஹூவரும் ஒருவர்.

நுரையில் மிதந்த கல்

விடை நுரையில் கிடைத்தது. தாதுவை மாவு போல அரைத்துத் தண்ணீரில் கலந்து, அதில் சொட்டு எண்ணெய் விட்டுக் காற்றுக் குமிழிகளை எழுப்பினால் ஒரு விந்தை நடக்கிறது. கந்தகம் சேர்ந்த உலோகத் துகள்களில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். அவை குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலே வந்து நுரையாக மிதக்கும். வெறும் கல்லில் தண்ணீர் ஒட்டும், அது அடியில் போய்விடும். கனமான உலோகம் மிதக்கிறது, லேசான கல் மூழ்குகிறது. பழைய முறை தலைகீழாகிவிட்டது.

இதை ஹூவர் கண்டுபிடிக்கவில்லை. பீர் காய்ச்சும் தொழிலில் இருந்த பாட்டர், புரோக்கன் ஹில் மானேஜர் டெல்பிராட், லண்டன் எல்மோர் சகோதரர்கள் என்று பலர் தனித்தனியே முயன்றார்கள். காப்புரிமை வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன.

ஜிங்க் கார்ப்பரேஷன் முதல் சில வருடங்கள் நஷ்டத்தில் ஓடியது. ஒரு முறை சரிப்படவில்லை என்றால் இன்னொரு முறை. ஆலையைக் கட்டினார்கள், பிரித்தார்கள், திரும்பக் கட்டினார்கள். பணம் போட்டவர்கள் கூச்சல் போட்டார்கள். ஹூவர் விடவில்லை. 1910 வாக்கில் ஆலை நிலையாக ஓடி லாபம் தந்தது. குப்பை மேடு துத்தநாகமாகக் கப்பல் ஏறியது.

பின்னாளில் இந்த முறை மேலும் நுட்பமாயிற்று. சில ரசாயனங்களைச் சேர்த்தால் துத்தநாகம் அடங்கி நிற்க, ஈயம் மட்டும் மிதக்கும். ஈயத்தை வழித்தெடுத்த பிறகு மயில்துத்தம் சேர்த்தால் துத்தநாகமும் மேலே வரும். இன்றும் ராஜஸ்தானில் ஜாவரிலும் ராம்புரா ஆகூச்சாவிலும் ஈயமும் துத்தநாகமும் இந்த நுரை முறையில்தான் பிரிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கத்து மாமண்டூரிலும் துத்தநாகம், ஈயம், செம்பு கலந்த தாது இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

புலி நடமாடிய சுரங்கம்

பர்மாவின் பாட்வின் கதை இதைவிடப் பழையது. 15-ம் நூற்றாண்டிலிருந்தே சீனர்கள் அந்த மலையில் வெள்ளி எடுத்தார்கள். அவர்களுக்கு வெள்ளி மட்டும் போதும். ஈயத்தைக் கசடாகப் பள்ளத்தாக்கில் கொட்டினார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் போய்விட்டார்கள். காடு வளர்ந்து எல்லாவற்றையும் மூடியது.

அந்தக் கசடு மலைகளே வெள்ளைக்காரர்களை முதலில் இழுத்தன. கசடில் ஈயம் நிறைய இருந்தது. அதை உருக்குவதற்காக மலைகளின் ஊடே சின்ன ரெயில் பாதை போட்டார்கள். கசடு மண்டலே நகருக்குப் போய் உருகியது. பிறகு நாம்ட்டு என்ற இடத்திலேயே உலை வைத்தார்கள்.

ஹூவர் நேரில் பாட்வின் போனார். சீனர்கள் வெட்டிய பழைய குகைப் பாதைகளில் ஊர்ந்து போய்ப் பார்த்தார். ஒரு பாதையில் புலியின் புதிய கால் தடத்தைக் கண்டு திரும்பி ஓடி வந்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பர்மாவின் மலேரியாக் காய்ச்சலும் அவரை விடவில்லை.

ஹூவர் கேட்ட கேள்வி எளியது. இவ்வளவு கசடு வந்தது என்றால், அந்தத் தாது வந்த இடம் எங்கே? சீனர்கள் எடுத்தது மேல் பகுதியைத்தான். தண்ணீர் நிறைந்ததால் அவர்களால் ஆழத்துக்குப் போக முடியவில்லை. மலையின் அடிவாரத்திலிருந்து நேராகக் குடைந்தால் தண்ணீர் தானே வடியும், தாதுவும் கிடைக்கும் என்பது திட்டம்.

1914-ல் அந்தக் குடைவு தொடங்கியது. அதற்குப் புலிச் சுரங்கம் என்றே பெயர். 2 கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து உள்ளே போனார்கள். கொழுத்த தாது கிடைத்தது. ஈயம், துத்தநாகம், வெள்ளி, அதோடு செம்பும், சிறிது நிக்கலும் கோபால்ட்டும் இருந்தன. ஹூவர் தலைவராக இருந்த பர்மா கார்ப்பரேஷன் அதை நடத்தியது.

யுன்னான் சீனர்கள், ஷான்கள், இந்தியர்கள் என்று பல இனத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். மலேரியாவும், உலையின் ஈயப் புகையும் அவர்கள் உடம்பைத் தின்றன. பங்குச் சந்தை லாபக் கணக்கில் அந்தச் செலவு வராது.

துத்தநாகத்தை ஜாம்ஷெட்பூருக்குக் கொண்டுவந்து உருக்கி, வெளிவரும் கந்தகப் புகையிலிருந்து அமிலமும் செய்யலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அது நிறைவேறவில்லை. கந்தகத் தாதுவைச் சுட்டால் கந்தகப் புகை வரும். அதைப் பிடித்து அமிலமாக்காவிட்டால் ஊர் மூச்சு விட முடியாது. செம்பு ஆலைப் புகைக்கு எதிராக மக்கள் வருடக்கணக்கில் போராடி, 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்து, அதன் பிறகு ஆலை மூடப்பட்டதைக் கண்ட தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹூவர் ரஷியாவிலும் கை வைத்தார். யூரல் மலையில் கிஷ்டிம் என்ற இடத்தில் செம்பு உலைகளைச் சீர்படுத்தினார். தாதுவில் உள்ள கந்தகமும் இரும்பும் எரியும் சூட்டையே உலைக்குப் பயன்படுத்தி விறகுச் செலவைக் குறைக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. அல்தாய் மலைப் பக்கத்துக் கலவைத் தாது வயலிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1917 புரட்சியில் ரஷியச் சொத்துக்கள் வெளிநாட்டார் கையை விட்டுப் போயின.

40 வயதுக்குள் அவர் பெரும் பணக்காரர். ஆனால் ராத்திரிகளில் அவரும் மனைவியும் வேறொரு வேலை செய்தார்கள். அக்ரிகோலா என்ற ஜெர்மானியர் 1556-ல் வெளியான தம் நூலில் சுரங்கத் தொழில் முழுவதையும் லத்தீனில் எழுதி வைத்திருந்தார். அதன் பல சொற்களுக்குப் பொருள் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. லூவுக்கு லத்தீன் தெரியும், ஹூவருக்குத் தாது தெரியும். சந்தேகம் வந்த இடங்களில் அக்ரிகோலா சொன்னபடி செய்து பார்த்துப் பொருள் கண்டார்கள். 5 வருட உழைப்புக்குப் பிறகு 1912-ல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. அது இன்றும் படிக்கப்படுகிறது.

பசிக்குச் சோறு போட்டவர்

1914-ல் முதல் உலகப் போர் வந்தபோது ஹூவர் லண்டனில் இருந்தார். ஜெர்மன் பட்டாளம் பெல்ஜியத்தைப் பிடித்தது. பிரிட்டிஷ் கப்பல்கள் கடலை அடைத்தன. நடுவில் பெல்ஜிய மக்கள் பட்டினி கிடந்தார்கள்.

ஹூவர் சுரங்க வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நிவாரணக் கமிஷனின் தலைவர் ஆனார். சம்பளம் வாங்கவில்லை. தாது ஏற்றிய அனுபவம் இப்போது கோதுமை ஏற்ற உதவியது. எதிரிகளான இரண்டு தரப்பிடமும் பேசிக் கப்பல்களுக்கு வழி வாங்கினார். பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் ஏறக்குறைய 90 லட்சம் பேருக்கு போர் முடியும் வரை உணவு போய்ச் சேர்ந்தது.

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் உணவு நிர்வாகப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1921-ல் ரஷியாவில் கொடிய பஞ்சம். கம்யூனிச ஆட்சியை ஹூவர் அறவே வெறுத்தவர்.  ஆனாலும் உணவு அனுப்பினார். 1922-ல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 1 கோடி பேருக்கு மேல் அந்த உணவைச் சாப்பிட்டார்கள்.

1921 முதல் 1928 வரை வர்த்தக மந்திரியாக இருந்தார். 1927-ல் மிசிசிப்பி நதி வெள்ளம் பெருக்கெடுத்தபோது நிவாரணத்தை அவரே நடத்தினார். 1928 தேர்தலில் பெரும் வெற்றி பெற்றார். 1929 மார்ச் 4-ந் தேதி அமெரிக்காவின் 31-வது ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார்.

பட்டினிக்காரர்கள் திட்டிய பெயர்

பதவி ஏற்று எட்டு மாதம் ஆகவில்லை. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடின, பாங்குகள் முறிந்தன. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை.

ஹூவர் சும்மா இருந்தார் என்பது உண்மை அல்ல. அணைகள், ரோடுகள் கட்டப் பணம் ஒதுக்கினார். முறியும் பாங்குகளுக்கும் ரெயில்வேக்களுக்கும் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் வேலை இல்லாதவன் கையில் சர்க்கார் நேரடியாகப் பணம் கொடுக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அப்படிக் கொடுத்தால் மனிதன் உழைப்பை மறந்துவிடுவான், தர்மமும் அண்டை அயலார் உதவியும் போதும் என்று நம்பினார். தாம் அநாதையாக இருந்து உழைத்து மேலே வந்ததைப் போல எல்லாரும் வரலாம் என்று எண்ணினார். உழைக்கத் தயாராக இருந்தும் வேலையே இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

வீடு இழந்தவர்கள் தகரத்தாலும் அட்டையாலும் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைப் பகுதிகளுக்கு ஹூவர் பெயரையே கேலியாக வைத்தார்கள். ஐரோப்பாவின் குழந்தைகள் நன்றியோடு சொன்ன பெயரை, சொந்த நாட்டு ஏழைகள் வசவாகச் சொன்னார்கள்.

1932 கோடையில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்கள் தங்களுக்கு வர வேண்டிய போனஸ் தொகையை உடனே தரும்படி கேட்டு வாஷிங்டனில் கூடாரம் போட்டார்கள். பட்டாளம் அவர்களை விரட்டியது. கூடாரங்கள் எரிந்தன. தளபதி மக்ஆர்தர் ஹூவரின் கட்டளையை மீறி அளவுக்கு மேல் போனார் என்பது வரலாறு. ஆனாலும் பழி ஜனாதிபதி மேல் விழுந்தது. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் 48 மாநிலங்களில் 6 மட்டுமே அவருக்குக் கிடைத்தன. ரூஸ்வெல்ட் ஜெயித்தார்.

முதுமையில் மறுபடி பசிப்பிணி

பத்து வருடங்களுக்கு மேல் அவரை யாரும் கூப்பிடவில்லை. 1944-ல் மனைவி லூ இறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் பாட்வினும் அழிந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது, தமிழர்கள் உள்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து தாய்நாடு திரும்பினார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். அதே வருடம் மார்ச்சில் அந்தமானும் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அந்த ஆக்கிரமிப்பின் கடைசிக் காலத்தில் தீவு மக்கள் பட்ட பசிக் கொடுமை, போர்ட் பிளேர், புரோத்ராபூர்ப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இன்னும் பேசப்படும் சோகம்.

போர் முடிந்ததும் உலகெங்கும் உணவுப் பஞ்சம் தலைகாட்டியது. 1946-ல் புதிய ஜனாதிபதி ட்ரூமன், 71 வயது ஹூவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்சி வேறு என்பதை இருவரும் பார்க்கவில்லை. ஹூவர் விமானத்தில் 38 நாடுகளைச் சுற்றினார். இந்தியாவுக்கும் வந்தார். வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்து மூன்று வருடங்களே ஆகியிருந்தன. சென்னை மாகாணத்திலும் அரிசிக்கு ரேஷன் இருந்தது. எந்த நாட்டுக்கு எவ்வளவு தானியம் வேண்டும், எங்கே மிச்சம் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 11 வயதில் ரெயிலில் அனுப்பப்பட்ட அநாதைப் பையன், கிழவராகி உலகப் பசியின் கணக்கை எழுதினார்.

பிறகு அமெரிக்க சர்க்காரின் இலாகாக்களைச் சீரமைக்கும் கமிஷன்களுக்கு இரண்டு முறை தலைமை வகித்தார். 1964 அக்டோபர் 20-ந் தேதி, 90-வது வயதில், நியூயார்க்கில் காலமானார். பிறந்த ஊரான வெஸ்ட் பிராஞ்சில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த இரண்டு அறை வீடு இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

மிஞ்சியது

ஹூவர் இறந்த மறு வருடம், 1965-ல், பாட்வின் சுரங்கத்தை பர்மா சர்க்கார் நாட்டுடைமை ஆக்கியது. அதற்குப் பின் அது பழைய நிலைக்கு வரவில்லை. ஆனாலும் தாது தீர்ந்துவிடவில்லை.

புரோக்கன் ஹில்லில் குப்பையிலிருந்து பிறந்த ஜிங்க் கார்ப்பரேஷன், பல கம்பெனிகளோடு சேர்ந்து, இன்றைய ரியோ டின்டோ என்ற உலகப் பெருங்கம்பெனியின் வேர்களில் ஒன்றாயிற்று. செம்பு, ஈயம், துத்தநாகம் எடுக்கும் ஆலைகளில் நுரை முறை இன்றும் உலகெங்கும் நடக்கிறது.

வருடத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டும் இந்தத் தீவுகளில் வீட்டுக்கூரைத் தகடு துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் பூசிய துத்தநாகத்தால்தான். விளக்கு எரிவது செம்புக் கம்பியால். மோட்டார் வண்டி கிளம்புவது பாட்டரியில் உள்ள ஈயத்தால். இவை மூன்றையும் ஒரே கல்லிலிருந்து பிரித்தெடுக்க மனிதன் பட்ட பாட்டில் ஹூவருக்கு ஒரு நல்ல பங்கு உண்டு.

கூலியாகவும், குமாஸ்தாவாகவும், டைப்பிஸ்டாகவும் இருந்து நாட்டின் தலைவர் ஆனவர் அவர். குப்பை என்று மற்றவர்கள் ஒதுக்கியதில் உலோகத்தைக் கண்டார். வேலை இழந்து நின்ற மனிதர்களின் நிலையைக் காண மட்டும், தாமே ஒரு காலத்தில் அப்படி நின்றிருந்தும், தவறிவிட்டார். அந்தத் தவறுக்கு ஒரே தேர்தலில் விலை கொடுத்தார். அவர் அனுப்பிய ரொட்டியைத் தின்று பிழைத்த குழந்தைகளோ, பெல்ஜியத்திலும் ரஷியாவிலும் வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள்.